நர்சிங் அசோசியேட்டா, நேரடியாக நர்ஸா? இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் மருத்துவமனை வார்டிலோ முதியோர் இல்லத்திலோ ஹெல்த்கேர் அசிஸ்டென்டாக ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டால், என்றைக்காவது மேனேஜரின் மின்னஞ்சலில் அந்த அறிவிப்பு வரும்: டிரெய்னி நர்சிங் அசோசியேட் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்தோடு இரண்டு வருடப் படிப்பு, கட்டணம் கிடையாது, முடிவில் பதிவு பெற்ற பணி. கேட்டதும் கை தூக்கத் தோன்றும். ஆனால் அதே டிரஸ்ட் (மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) நர்ஸ் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பும், அதாவது வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கும் பயிற்சியும், நடத்திக்கொண்டிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேரவும் உங்களுக்கு வழி இருக்கலாம். ஊரிலேயே நர்சிங் முடித்துவிட்டு வந்தவராக இருந்தால் இது எதுவுமே தேவைப்படாமலும் போகலாம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாதச் சம்பளம் நின்றால் வீடு ஓடாது, கையில் பெரிய சான்றிதழ்களும் இல்லை என்பவருக்கு நர்சிங் அசோசியேட் அப்ரண்டிஸ்ஷிப் நல்ல வழி. நர்ஸ் ஆவதுதான் குறி, டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பில் இடமும் கிடைக்கிறது என்றால் இந்தச் சுற்று வழியில் போக வேண்டியதில்லை. எந்த வழியில் போனாலும், படிக்கும் நேரத்தை வார்டு உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

இந்தப் பணி எது வரை

நர்சிங் அசோசியேட் என்பது ஹெல்த்கேர் அசிஸ்டென்டுக்கும் நர்ஸுக்கும் நடுவே இங்கிலாந்துக்கென உருவாக்கிய பணி. முதல் பயிற்சியாளர்கள் 2017 ஜனவரியில் தொடங்கினார்கள். நர்ஸ்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் அமைப்பான என்எம்சி 2019 ஜனவரியில் இவர்களுக்குத் தனிப் பதிவேட்டுப் பகுதி திறந்தது. படிப்பு லெவல் 5 ஃபவுண்டேஷன் டிகிரி. மாத்திரை, மருந்து கொடுக்கலாம். தோலுக்கடியிலும் தசையிலும் ஊசி போடலாம். ரத்தம் எடுக்கலாம், இசிஜி பதியலாம், நோயாளியின் நிலை மாறுவதைக் கவனித்து மேலே சொல்லலாம். நோயாளியை முதலில் மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுப்பதும், ஷிப்டை நடத்துவதும் நர்ஸின் பொறுப்பு. நரம்பு வழி மருந்து அடிப்படைப் பயிற்சியில் இல்லை. சில இடங்களில் பிறகு தனியாகப் பயிற்சி தந்து அனுமதிக்கிறார்கள்.

ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் வேலை பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போடுவதற்கு நர்ஸ்கள் பயன்படுத்தும் ‘பிஜிடி’ என்ற குழு ஆணையின் கீழ் நர்சிங் அசோசியேட் வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் குறிப்பிட்டு, மருந்து எழுதும் உரிமை உள்ளவர் தரும் ‘பிஎஸ்டி’ ஆணை வேண்டும். இதற்கு ஏற்பாடு செய்யாத கிளினிக்கில் சேர்ந்தால் தடுப்பூசி நாட்களில் சும்மா உட்கார வேண்டிவரும்.

எல்லை தெளிவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆள் குறைந்த நாளில் அது கரைந்துவிடும். ஒரு பே (வார்டில் சில படுக்கைகள் சேர்ந்த பகுதி) முழுவதையும் தூக்கிக் கொடுத்து ‘பார்த்துக்கொள்’ என்பார்கள். பேண்ட் என்பது சம்பளப் படிநிலை; அசோசியேட்டுக்கு 4, நர்ஸுக்கு 5. பேண்ட் 4 சம்பளத்தில் பேண்ட் 5 வேலை என்ற புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. என்எம்சி பதிவு உங்கள் பெயரில் இருப்பதால், எல்லை மீறிச் செய்ததற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு வரம்பு இடம் சார்ந்தது. ஸ்காட்லாந்தில் இந்தப் பதிவோடு நர்சிங் அசோசியேட்டாக வேலை கிடையாது. ஆஸ்திரேலியா, கனடா என்று குடிபெயரும் எண்ணம் இருந்தால் இந்தத் தகுதியை நர்ஸ் தகுதியாக ஏற்க மாட்டார்கள். அந்தக் கனவு உள்ளவர் நர்ஸ் பதிவு வரை போயே ஆக வேண்டும்.

சம்பளக் கணக்கில் ஒளிந்திருப்பது

2025-26 என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) அளவீட்டில் பேண்ட் 3 ஆண்டுக்கு 24,937 முதல் 26,598 பவுண்ட், பேண்ட் 4 27,485 முதல் 30,162, பேண்ட் 5 31,049 முதல் 37,796. பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் பேண்ட் 3, தேறியதும் பேண்ட் 4. லண்டனில் இதற்கு மேல் லண்டன் படி உண்டு.

காகிதத்தில் ஏறுமுகம்தான். ஆனால் இரவு, வார இறுதி வேலைக்குத் தரும் கூடுதல் சதவீதம் பேண்ட் ஏற ஏறக் குறைகிறது. பேண்ட் 3க்கு இரவும் சனிக்கிழமையும் 35 சதவீதம், ஞாயிறும் பொது விடுமுறையும் 69. பேண்ட் 4க்கு அதுவே 30, 60. இதைப் பவுண்டில் பாருங்கள். பேண்ட் 3 உச்சியில் இருப்பவரின் மணிச் சம்பளம் சுமார் 13.60, ஞாயிற்றுக்கிழமை அது 22.99 ஆகும். தேறி பேண்ட் 4 தொடக்கத்துக்கு வந்தவரின் மணிச் சம்பளம் 14.06, ஞாயிற்றுக்கிழமை 22.49. இரண்டு வருடம் படித்துத் தேறியவர் ஞாயிறு ஷிப்டில் மணிக்கு 50 பென்ஸ் குறைவாக வாங்குகிறார்! வார நாள் பகலில் மட்டும்தான் கூடுகிறது. பேண்ட் 4 உச்சிக்கு மூன்று வருடம் ஆன பிறகே இது சரியாகும்.

பயிற்சிக் காலத்தில் அடி இன்னும் கொஞ்சம் பலமாக விழும். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, வெளி பிளேஸ்மென்ட் (உங்கள் வார்டுக்கு வெளியே பணியிடப் பயிற்சி) பெரும்பாலும் பகல் வேலை. மாதம் இரண்டு ஞாயிறு 11.5 மணி நேர ஷிப்ட் பார்த்தவர் அதை விட்டால், பேண்ட் 3 உச்சியில் மாதம் சுமார் 216 பவுண்ட் வரிக்கு முன் குறையும். இரவு ஷிப்டை நம்பி வாடகை கட்டுபவர்கள் கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கூடுதல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் கையெழுத்து போட வேண்டாம். படிப்பை நடுவில் விடுபவர்களில் பலரும் பாடம் கடினம் என்பதால் விடுவதில்லை.

கட்டண விஷயத்தில் கவலை இல்லை. இந்த அப்ரண்டிஸ்ஷிப்புக்கு அரசு வைத்த உச்ச நிதி 15,000 பவுண்ட். அது முதலாளியின் அப்ரண்டிஸ்ஷிப் வரிக் கணக்கிலிருந்து போகிறது; ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் 0.5 சதவீதத்தை இந்த வரியாகக் கட்டுகின்றன. பயிற்சிச் செலவில் எந்தப் பங்கையும் உங்களிடம் கேட்க விதி அனுமதிக்காது. பாதியில் வெளியேறினாலும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ‘விட்டால் 5,000 பவுண்ட் கட்ட வேண்டும்’ என்று எந்த முதியோர் இல்லமாவது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் யூனியனிடமோ பல்கலைக்கழக அப்ரண்டிஸ்ஷிப் அலுவலகத்திடமோ காட்டுங்கள்.

2,300 மணி நேரம் எங்கே போகிறது

என்எம்சி விதிப்படி படிப்பு மொத்தம் குறைந்தது 2,300 மணி நேரம், அதில் பாதி பணியிடப் பயிற்சி. இதை நடத்த இரண்டு வழிகளை என்எம்சி தருகிறது. முதலாவதில் பயிற்சி நேரம் முழுக்க நீங்கள் ஷிப்ட் ஆள் கணக்கில் வராத கூடுதல் ஆள். இரண்டாவது வேலையோடு கலந்தது: குறைந்தது 20 சதவீதம் வகுப்பு, குறைந்தது 20 சதவீதம் உங்கள் வார்டுக்கு வெளியே, மிச்சமும் ‘பாதுகாக்கப்பட்ட கற்கும் நேரம்’. அப்ரண்டிஸ்ஷிப்பில் நிறைய இடங்களில் இரண்டாவதுதான்.

முழுநேர ஊழியர் விடுமுறை போக இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 3,375 மணி நேரம் வேலை பார்ப்பார். படிப்புக்கு 2,300 போனால் மீதி ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் வழக்கமான ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் வேலை. எல்லாச் சச்சரவும் இந்தக் கோட்டில்தான். ரோட்டாவில் (ஷிப்ட் அட்டவணையில்) எந்த ஷிப்ட் எந்தக் கணக்கு என்று குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை என்றால் எல்லா நாளும் குளிப்பாட்டல், படுக்கை மாற்றல், உணவு வண்டி என்றே கழியும்; மருந்துச் சுற்றில் நர்ஸோடு நடந்திருக்க வேண்டிய காலை நேரம் கைவிட்டுப் போகும். அந்த வார்டில் உங்களை ஐந்து வருடமாக அசிஸ்டென்டாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு நீங்கள் இப்போது மாணவர் என்பது மனதில் ஏறச் சில மாதம் ஆகும். சீருடை நிறம் மாறுவது இதற்குக் கொஞ்சம் உதவும், ரோட்டாவில் எழுதியிருப்பது அதிகம் உதவும்.

வெளி பிளேஸ்மென்ட் 20 சதவீதம் என்றால் 460 மணி நேரம், அதாவது பன்னிரண்டு வாரத்துக்குச் சற்று மேல். பல படிப்புகளில் இதைவிட அதிகம். பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு துறை அனுபவமும் வேண்டும் என்பதால், உடல் நோய்க்கான வார்டில் இருப்பவர் மனநலப் பிரிவுக்கும் வீடு வீடாகப் போகும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் குழுவுக்கும் அனுப்பப்படுவார். கார் ஓட்டத் தெரியாதவருக்கு இதில் கூடுதல் சிரமம். பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு 7.30 ஷிப்டுக்குப் போக முடியாது என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். நோயால் தவறிய பயிற்சி மணிகளைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். சுகவீன விடுப்புச் சம்பளம் வந்தாலும் மணி வராது.

அடுத்து பிஏடி என்கிற மதிப்பீட்டு ஏடு. தினமும் கூட இருந்து சொல்லித்தருபவர் பிராக்டிஸ் சூப்பர்வைசர், தேர்ச்சியை முடிவு செய்து கையெழுத்து போடுபவர் பிராக்டிஸ் அசெஸ்ஸர். ஒரே மாணவருக்கு ஒரே சமயத்தில் இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தொடக்கம், நடுவில், முடிவு என மூன்று சந்திப்பு. திறமை இருந்தும் தடுக்கி விழும் இடம் இதுதான்: அசெஸ்ஸர் விடுப்பில் போய்விடுவார், இரவு ஷிப்டுக்கு மாறிவிடுவார், கடைசி வாரத்தில் கையெழுத்து இல்லாமல் ஏடு திரும்பும். கையெழுத்து இல்லாத திறன் தேறாத திறனாகவே எண்ணப்படும். பிளேஸ்மென்டின் முதல் வாரத்திலேயே மூன்று தேதியையும் ரோட்டாவைப் பார்த்து நிர்ணயித்து, செய்து முடித்ததை அன்றன்றே எழுதி வாங்கிவிடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி, தொண்ணூற்றெட்டு தோல்வி. கேள்விகள் பெரிதாக இருக்காது. 125 மில்லிகிராம் தர வேண்டும், பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லி. தவறு நடப்பது மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றும்போது தசமப் புள்ளி இடம் மாறுவதில்: 0.125 மில்லிகிராம் என்பது 125 மைக்ரோகிராம், 12.5 அல்ல. தினம் பத்து நிமிடம், ஆறு வாரம், கால்குலேட்டர் இல்லாமல் பழகினால் போதும்.

வார்டில் சரளமாக ஆங்கிலம் பேசும் பலர் கட்டுரையில் சறுக்குவார்கள். நடந்ததை அப்படியே எழுதிவிட்டு ‘அனுபவக் கட்டுரை’ என்று கொடுத்தால் மதிப்பெண் வராது. ஏன் அப்படிச் செய்தேன், ஆய்வு என்ன சொல்கிறது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்பதுதான் அவர்கள் கேட்பது. இணையத்திலிருந்து அள்ளிப் போட்டால் மென்பொருள் பிடித்துவிடும்.

டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் ஏன் அரிதாகக் கிடைக்கிறது

நர்ஸ் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பும் சம்பளத்தோடுதான். வழக்கமாக மூன்றரை, நான்கு வருடம். முடிவில் நர்ஸ் பதிவு, பேண்ட் 5. ஒப்பிட்டால், அசோசியேட் இரண்டு வருடம், பிறகு நர்ஸ் ஆவதற்கான மேல்படிப்பு ஒன்றரை முதல் இரண்டு வருடம் என அதே நான்கு வருடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நடுவில் மேல்படிப்பு இடத்துக்குக் காத்திருக்க வேண்டும், மறுபடி நேர்காணல், மறுபடி மேனேஜர் ஒப்புதல். அது ஆறு மாதமா இரண்டு வருடமா என்பதை யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அப்படியானால் எல்லோரும் நேரடியாகப் போகாதது ஏன்? நர்ஸ் மாணவர்கள் பயிற்சி நேரம் முழுக்க ஆள் கணக்கில் வரக் கூடாது என்பது என்எம்சி விதி. 4,600 மணி நேரப் படிப்பில் பாதி, 2,300 மணி, வார்டுக்கு உங்களால் உதவி இல்லை. உங்களுக்குச் சம்பளமும் தர வேண்டும், உங்கள் இடத்தில் இன்னொருவரையும் போட வேண்டும். அப்ரண்டிஸ்ஷிப் வரிப் பணத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்குத்தான் செலவிடலாம், சம்பளத்துக்குக் கூடாது. டிரஸ்டுகள் அசோசியேட் இடங்களைத் தாராளமாகவும் டிகிரி இடங்களைக் கைவிரல் எண்ணிக்கையிலும் திறப்பதற்கு இந்தச் செலவு ஒரு முக்கியக் காரணம். உங்கள் தகுதி குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்டுப் பார்த்து, இந்த வருடம் இல்லை என்றால் அசோசியேட்டில் ஏறிக்கொள்வது புத்திசாலித்தனம். மேல்படிப்பில் முந்தைய படிப்பைப் பாதி வரை கணக்கில் எடுத்துக்கொள்ள என்எம்சி விதி இடம் தருகிறது.

அசோசியேட்டின் ஒரு நிஜமான அனுகூலம்: நடுவில் வாழ்க்கை இடறினாலும் கையில் ஒரு பதிவு இருக்கும். நான்கு வருட டிகிரியில் மூன்றாம் வருடம் விட்டால் பதிவு எதுவும் கிடைக்காது.

பல்கலைக்கழகம்

இருபதுகளில், குடும்பச் சுமை இல்லாமல், நல்ல மதிப்பெண்ணோடு இருப்பவருக்கு மூன்று வருட முழுநேர டிகிரிதான் வேகமானது. 2025-26இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்ட், கடனாகக் கிடைக்கும். என்எச்எஸ் ஆண்டுக்கு 5,000 பவுண்ட் உதவித்தொகை தருகிறது, திருப்பித் தர வேண்டியதில்லை. பிள்ளை இருந்தால் இன்னொரு 2,000. இவை அப்ரண்டிஸ்களுக்குக் கிடையாது. கடன் தொகையைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: இப்போதைய திட்டத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம்தான் பிடிப்பார்கள். பேண்ட் 5 தொடக்கத்தில் அது மாதம் சுமார் 45 பவுண்ட். வேறு பாடத்தில் டிகிரி வைத்திருப்பவர்களுக்கும் நர்சிங்குக்கு மறுபடி கடன் உண்டு. அவர்களுக்கு இரண்டு வருட முதுகலை வழியும் இருக்கிறது. சிக்கல், 2,300 மணி நேர பிளேஸ்மென்ட் சம்பளமில்லாமல். அதற்கு மேல் வார இறுதியில் பேங்க் ஷிப்ட் (தேவைப்படும்போது மட்டும் பார்க்கும் தற்காலிக ஷிப்ட்) பார்த்துச் சமாளிப்பவர்கள் இரண்டாம் வருடத்திலேயே களைத்துப்போகிறார்கள்.

விசாவும் ஊர்ப் படிப்பும்

தமிழ்நாட்டில் ஜிஎன்எம் அல்லது பிஎஸ்சி நர்சிங் முடித்து அங்கே பதிவும் பெற்று, இங்கே கேர் வேலை விசாவில் வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுக்கு அசோசியேட் படிப்பு வீண் சுற்று. தெரிந்ததையே மறுபடி படிக்க அப்ரண்டிஸ்ஷிப் நிதி தர மாட்டார்கள் என்பது ஒருபுறம். மறுபுறம், என்எம்சியின் திறன் தேர்வு வழியே ஒரு வருடத்துக்குள் நர்ஸ் ஆக முடியும்: மதிப்பீட்டுக்கு 140 பவுண்ட், கணினித் தேர்வு 83, பத்து நிலைய ஓஸ்கி செய்முறைத் தேர்வு 794, பதிவுக்கு 153. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது ஆங்கிலத்தில். ஐஇஎல்டிஎஸ்ஸில் படித்தல், கேட்டல், பேசுதலுக்கு 7, எழுத்துக்கு 6.5. 2023 பிப்ரவரி முதல், ஒரே ஒரு பிரிவில் அரை மதிப்பெண் தவறியவர்கள் முதலாளியிடமிருந்து சான்று வாங்கித் தரலாம். இங்கே சுகாதார அல்லது பராமரிப்புத் துறையில் கடந்த இரண்டு வருடத்தில் குறைந்தது 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். இந்தச் சலுகை தெரியாமல் நான்காம் முறை தேர்வு எழுதப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நர்சிங் படிக்காமல் வந்தவர்களுக்கு விசாவே வழியைத் தீர்மானித்துவிடும். ஐஎல்ஆரோ (நிரந்தர வசிப்புரிமை) குடியுரிமையோ இல்லாமல் பல்கலைக்கழகம் போனால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம், கடனும் கிடையாது. அப்ரண்டிஸ்ஷிப் நிதி அப்படியல்ல. படிப்புக்காக அல்லாத அனுமதியோடு மூன்று வருடம் இங்கே வசித்தவர்களுக்கும் கிடைக்கும். வேலை விசாவின் சார்பு உறுப்பினராக வந்த கணவனோ மனைவியோ இதில் வரலாம். மாணவர் விசாவில் இருப்பவர் சேர முடியாது. ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர் பணிப் பெயரும் குறியீடும் மாறினால் என்ன ஆகும், படிப்பு முடியும் வரை விசா நீடிக்குமா என்பதை, விண்ணப்பத்துக்கு முன் டிரஸ்டின் குடிவரவுப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்திருக்க வேண்டும். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்வது இதில் செல்லாது.

விண்ணப்பிக்கும் முன்

ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜிசிஎஸ்இ (இங்குள்ள பள்ளித் தேர்வு) 4 (பழைய சி) அல்லது அதற்கு ஈடான, பெரியவர்களுக்கான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 கேட்பார்கள். இலங்கை ஓ/எல், இந்தியப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சில பல்கலைக்கழகங்கள் ஈனிக் (வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிடும் அமைப்பு) தரும் ஒப்பீட்டுச் சான்றோடு ஏற்கும், சில ஏற்காது. ஏற்பார்களா என்று விசாரித்துக் காத்திருப்பதைவிட, உள்ளூர் கல்லூரியில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் முடித்துவிடுவது வேகம். வசிப்பிடத் தகுதி உள்ள பெரியவர்களுக்கு இது இலவசம். கணக்குத் தேர்வில் கால்குலேட்டர் இல்லாத பகுதி ஒன்று உண்டு. அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

நேர்காணலில் அவர்கள் கேள்வி முடிந்ததும் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். என்எம்சியின் இரண்டு வழியில் எது? கற்கும் நேரம் ரோட்டாவில் எப்படிக் குறிக்கப்படும்? உங்களுக்கு முந்தைய பேட்ச்சில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? தேறியதும் பேண்ட் 4 இடம் இதே வார்டிலா, இடம் காலியாக இருந்தால் மட்டுமா? பேண்ட் 4 பதவியே உருவாக்கப்படாத வார்டில் தேறிவிட்டு, மாதக்கணக்கில் பேண்ட் 3 சம்பளத்தில் காத்திருப்பது நடக்கக்கூடியதுதான். வாரம் 30 மணிக்குக் குறைவாக வேலை பார்ப்பவர்கள் காலம் எவ்வளவு நீளும் என்பதையும் கேட்க வேண்டும். பதில்கள் திருப்தியாக இருந்தால், நீங்களும் முதலாளியும் பல்கலைக்கழகமும் கையெழுத்திடும் பயிற்சித் திட்டத்தில் அவை எழுத்தில் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வார்டு மேனேஜர் மாறும்போது முந்தையவர் சொன்னது புதியவருக்குத் தெரியாது.